அடைமழைக்குப் பின் தீவனப்புல்: முதலில் நீர் வடியட்டும், மாடு வெளியே நிற்கட்டும்

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் விவசாயியின் கவனம் முதலில் நெல் வயலுக்குப் போகிறது. அடுத்தபடியாக வாழை, மஞ்சள், மிளகாய் ஆகியவற்றைப் பார்க்கிறார். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பத்து சென்ட், இருபது சென்ட் அளவில் போட்டிருக்கும் தீவனப்புல்லை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. புல்தானே, தண்ணீர் நின்றால் இன்னும் நன்றாகத் தழைக்கும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள்.

மழை விட்டுப் பத்து நாள் கழித்துப் பார்த்தால் கதை வேறு. புல்லின் அடி இலைகள் மஞ்சளாகியிருக்கும். தூரைப் பிடித்து இழுத்தால் வேரோடு கையில் வரும். வைக்கோல் போரும் நனைந்து பூசணம் பிடித்திருக்கும் நேரம் அது. கறவை மாட்டுக்குப் போட ஒன்றும் இல்லாமல் கடையில் கலப்புத் தீவனம் கடனுக்கு வாங்க நேரிடும். பாலும் பாதியாகக் குறையும். நெல்லுக்கு நட்டம் வந்தால் கணக்கெடுக்க அதிகாரிகள் வருவதுண்டு. இருபது சென்ட் புல் அழுகியதை விவசாயிதான் தாங்க வேண்டும்.

இந்த நட்டத்தில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. மழை விட்ட முதல் ஒரு வாரத்தில் என்ன செய்கிறோம், என்ன செய்யாமல் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தே புல் பிழைக்கிறது.

நிற்கும் தண்ணீர் எவ்வளவு?

ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். ஓர் ஏக்கர் நிலத்தில் அது ஏறத்தாழ 40,000 லிட்டர் தண்ணீர். இருபது சென்ட் புல் தோட்டத்தில் 8,000 லிட்டர். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்தால் அந்த இருபது சென்ட்டில் மட்டும் 80,000 லிட்டர் விழுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏக்கருக்கு 38 லட்சம் லிட்டர்! அப்படிப்பட்ட மழைக்கு எந்த வடிகாலும் உடனே ஈடுகொடுக்காது. ஆனால் ஆண்டுதோறும் வரும் 5, 10 சென்டிமீட்டர் மழையை ஒழுங்கான வடிகால் உள்ள நிலம் ஓரிரு நாளில் வெளியேற்றிவிடும்.

இதோடு கூரைத் தண்ணீரும் சேர்கிறது. 20 அடிக்கு 30 அடி அளவுள்ள கொட்டகைக் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 5,500 லிட்டர் வழிகிறது. கொட்டகையைக் கழுவும் தண்ணீர் புல்லுக்குப் பாய்வதற்கென்று பெரும்பாலும் புல் தோட்டத்தைக் கொட்டகைக்குத் தாழ்வான இடத்தில்தான் அமைக்கிறார்கள். கோடையில் நன்மையாக இருக்கும் இந்த ஏற்பாடே மழைக்காலத்தில் கேடாக மாறுகிறது. ஆகவே மழைக்கு முன்பே கூரைத் தண்ணீரைத் தனி வாய்க்காலில் திருப்பிவிட வேண்டும்.

புல் ஏன் அழுகுகிறது?

தண்ணீர் பட்டதால் புல் சாவதில்லை. காற்று கிடைக்காமல்தான் சாகிறது. மண் துகள்களுக்கு இடையே சிறு சிறு துவாரங்கள் உள்ளன. நல்ல நிலத்தில் அவற்றில் ஒரு பங்கு தண்ணீரும் ஒரு பங்கு காற்றும் இருக்கும். வேரும் மூச்சு விடுகிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் மூச்சு விடுகின்றன. அடைமழையில் துவாரங்கள் முழுவதும் தண்ணீரால் நிரம்பிவிடுகின்றன. பிராணவாயு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். மண்ணில் மிச்சம் இருக்கும் பிராணவாயு நம்முடைய வெப்பமான பூமியில் ஓரிரு நாளில் தீர்ந்துவிடுகிறது. பிறகு வேர் திணறத் தொடங்குகிறது.

வேர் திணறினால் உரத்தை உறிஞ்ச முடியாது. அதே சமயம் மண்ணில் இருந்த தழைச்சத்தில் ஒரு பகுதி நீரோடு கீழே இறங்கிவிடுகிறது. இன்னொரு பகுதியைக் காற்றில்லாத மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் வாயுவாக மாற்றிவிடுகின்றன. இலை மஞ்சளாவது இதனால்தான். இன்னும் சில நாள் போனால் மண்ணில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். நச்சு வாயு உண்டாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

நெல் மட்டும் எப்படித் தண்ணீரில் நிற்கிறது என்று கேட்கலாம். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றை மேலிருந்து கீழே கொண்டுபோகும் குழல்கள் இருக்கின்றன. இலை நுனி வெளியே இருக்கும்வரை வேருக்குக் காற்று போகும். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கினியாப்புல் போன்றவற்றுக்கு அந்த வசதி நெல் அளவுக்கு இல்லை.

விளையாட்டு மைதானத்தில் ஒரு பாடம்

புல்லையே பிழைப்பாகக் கொண்ட இன்னொரு தொழில் இருக்கிறது. அது கோல்ஃப் விளையாட்டு மைதானம். ஸ்காட்லாந்தின் கடலோர மணல் மேடுகளில் வளர்ந்த இந்த விளையாட்டு, 1829ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. வெப்ப நாடுகளில் இந்த மைதானங்களில் பெரும்பாலும் வளர்க்கப்படுவது நம் வரப்புகளில் முளைக்கும் அருகம்புல்லின் இனங்களே.

பந்தைக் குழியில் தள்ளும் இடத்தில் புல்லைச் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டி வைத்திருப்பார்கள். அங்கே ஒரு நாள் தண்ணீர் நின்றாலும் கெடுதல். ஆகவே 1960ஆம் ஆண்டில் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அந்த இடத்தை அமைப்பதற்கு ஒரு முறையை வெளியிட்டது. அடியில் வடிகால் குழாய், அதன் மேல் 4 அங்குலம் சரளைக் கல், அதற்கு மேல் 12 அங்குலம் மணல் கலந்த மண், அதில் புல். இன்றும் அடிப்படை முறை அதுதான்.

இவ்வளவு செலவு செய்த பிறகும், பலத்த மழை பெய்தால் மைதானத்தைப் பூட்டிவிடுகிறார்கள். ஆட்களையும் வண்டிகளையும் புல் மேல் விடுவதில்லை. தண்ணீர் வடிந்த பின் வெட்டும் கருவியை வழக்கத்தைவிட உயர்த்தி வைத்து வெட்டுகிறார்கள். மண் ஓரளவு உலர்ந்ததும் சிறு துளைகள் போட்டு மணல் தூவுகிறார்கள். உரத்தைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள்.

சிறு விவசாயிக்குக் குழாயும் சரளையும் வேண்டியதில்லை. ஆனால் அந்த வரிசை அப்படியே பொருந்தும். முதலில் வடிகால், பிறகு மிதிக்காமல் இருத்தல், பிறகு உயர்த்தி அறுத்தல், மண்ணுக்குக் காற்று, கடைசியில் உரம். நம் வழக்கமோ பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. மழை விட்டதும் மாட்டை அவிழ்த்துவிடுகிறோம். புல் மஞ்சளாகிவிட்டதே என்று சேற்றில் யூரியாவை வீசுகிறோம். வடிகாலைப் பற்றி அடுத்த மழைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம்.

முதல் நாள்: மேல் தண்ணீரை வெளியேற்றுதல்

மழை தணிந்ததும் மண்வெட்டியுடன் தோட்டத்தை ஒருமுறை சுற்றி வர வேண்டும். உள்ளே இறங்கக் கூடாது. வரப்பு வழியாகவே சுற்ற வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை நேரில் காண மழைக்கு அடுத்த நாளைவிட நல்ல நாள் கிடையாது. தேங்கும் இடங்களில் ஒரு குச்சியை நட்டு வைத்தால், கோடையில் எங்கே மண் அடித்து மேடாக்க வேண்டும் என்பது தெரியும்.

மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் தண்ணீரை முதலில் தடுக்க வேண்டும். அந்தப் பக்கம் ஒரு சாண் ஆழத்தில் குறுக்கு வாய்க்கால் எடுத்துத் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பினால் பாதிச் சுமை குறையும்.

அடுத்தது, தாழ்ந்த மூலையில் வரப்பை வெட்டிவிடுதல். வாய்க்கால் வெட்டும்போது எப்போதும் தண்ணீர் வெளியேறும் முனையிலிருந்து தொடங்கி மேல் நோக்கி வெட்டி வர வேண்டும். அப்படி வெட்டினால் தண்ணீர் வழிந்துகொண்டே போகும். சேற்றில் நின்று வெட்ட வேண்டியிருக்காது. வாட்டம் சரியில்லாத இடமும் உடனே தெரிந்துவிடும். 100 மீட்டர் நீளத்துக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் வாட்டம் இருந்தால் போதுமானது. வாட்டம் அதிகமானால் வாய்க்கால் கரைந்துவிடும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீர் நிரப்பிய கண்ணாடி போன்ற குழாயைக் கொண்டே இந்த வாட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீரை எங்கே விடுவது என்பது முக்கியம். தன் தோட்டத்துத் தண்ணீரைப் பக்கத்து வயலில் தள்ளுவது வடிகால் ஆகாது. அது வழக்குக்கு வழி. பொது வடிகால் வரை தண்ணீர் போக வேண்டும். பல ஊர்களில் அந்த வடிகாலே ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் கோரையும் மண்டி அடைத்துக் கிடக்கிறது. அந்த வரிசையில் நிலம் உள்ள ஐந்து பத்துப் பேர் புரட்டாசியிலேயே கூடி ஒரு நாள் உழைத்தால் அடைப்பு நீங்கும். ஒருவர் மட்டும் தம் நிலத்தில் ஆழமாக வெட்டிப் பயனில்லை. கீழே அடைத்திருந்தால் அந்தத் தண்ணீர் மறுபடி மேலேறித்தான் நிற்கும்.

வெளியேற வழியே இல்லாத தாழ்ந்த நிலமாக இருந்தால், தாழ்ந்த மூலையில் குட்டை வெட்டுவதே வழி. 20 அடி நீளம், 20 அடி அகலம், 5 அடி ஆழத்தில், பக்கங்களுக்குச் சற்றே சரிவு விட்டு வெட்டிய குட்டையில் சுமார் 40,000 லிட்டர் பிடிக்கும். இருபது சென்ட் நிலத்தில் பெய்யும் 5 சென்டிமீட்டர் மழைக்கு அது ஈடாகும். அந்தத் தண்ணீர் தை, மாசியில் புல்லுக்கே உதவும். குழந்தைகளும் கன்றுகளும் விழுந்துவிடாதபடி குட்டையைச் சுற்றி வேலி கட்டாயம் வேண்டும். இயந்திரம் உள்ளவர்கள் இறைத்தும் விடலாம். விநாடிக்கு 10 லிட்டர் இறைக்கும் இயந்திரத்தால் 80,000 லிட்டரை இரண்டேகால் மணி நேரத்தில் வெளியேற்ற முடியும்.

கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்

மேலே தண்ணீர் வடிந்து தரை தெரிந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான புல் சாவது இதற்குப் பிறகுதான். தரை காய்ந்தது போல் இருக்கும். ஒரு சாணுக்குக் கீழே வேர் இன்னும் தண்ணீரில்தான் மூழ்கியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி உண்டு. தோட்டத்தின் ஓரத்தில் ஒரு முழம் ஆழத்துக்கு ஒரு சிறு குழி தோண்டி, மூன்று நான்கு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். குழியில் ஊறி நிற்கும் தண்ணீரின் மட்டம் தரைக்கு ஒரு சாணுக்குள் இருந்தால் வேர் மூச்சு விட முடியாத நிலையில் இருக்கிறது என்று பொருள். மட்டம் ஒரு முழத்துக்குக் கீழே போய்விட்டால் ஆபத்து நீங்கியது. அதே குழியைத் தினமும் காலையில் பார்த்துவந்தால் வடிகால் வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும்.

மட்டம் இறங்கவில்லை என்றால் தோட்டத்துக்குள்ளேயே ஆழமான வடிகால் தேவை. ஒரு முழம் ஆழம், மேலே ஒரு முழம் அகலம், அடியில் அதில் பாதி அகலம் என்ற அளவில் வெட்டினால் கரை சரியாது. களிமண் நிலத்தில் 5, 6 மீட்டருக்கு ஒன்று வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் 10, 12 மீட்டருக்கு ஒன்று போதும். வெட்டிய மண்ணை வாய்க்கால் கரையில் குவிக்கக் கூடாது. குவித்தால் அதுவே ஒரு வரப்பாகித் தண்ணீரைத் தடுத்துவிடும். புல் வரிசையின் மேல் பரப்பி விடுவது நல்லது.

நிலம் குறைவு, வாய்க்காலுக்கு இடம் விட முடியாது என்பவர்கள், வெட்டிய வாய்க்காலில் முக்கால் பங்கு உடைகல்லும் செங்கல் துண்டும் நிரப்பி, அதன் மேல் வைக்கோல் பரப்பி, மண் போட்டு மூடலாம். மேலே புல்லும் வளரும். அடியில் தண்ணீரும் போகும். ஆனால் முனை திறந்திருக்க வேண்டும். வெளியேற வழி இல்லாத இடத்தில் கல்லோ மணலோ கொட்டினால் அது தண்ணீர்த் தொட்டியாகத்தான் முடியும்.

மாடு மிதித்தால் மண் சாகும்

நான்கு நாள் மழையில் கொட்டகையிலேயே கட்டிக் கிடந்த மாடு, வெயில் கண்டதும் வெளியே போக இழுக்கும். பச்சையாக நிற்கும் புல்லுக்குள் அதை அவிழ்த்துவிட மனம் வருவது இயல்பு. அந்த ஒரு நாள் ஆசை ஓர் ஆண்டுப் புல்லைக் கெடுத்துவிடும்.

400 கிலோ எடையுள்ள பசு நடக்கும்போது அதன் பாரம் முழுவதும் இரண்டு மூன்று குளம்புகளில்தான் இறங்குகிறது. உலர்ந்த மண் அதைத் தாங்கும். ஈர மண் தாங்காது. பானை செய்பவர் களிமண்ணை மிதித்து மிதித்து ஓட்டை இல்லாமல் ஆக்குகிறார் அல்லவா? மாடும் அதைத்தான் செய்கிறது. மண்ணின் துவாரங்கள் நசுங்கி மூடிக்கொள்கின்றன. குளம்பு பதிந்த குழிகளில் தண்ணீர் தேங்குகிறது. புதிதாக வந்த குருத்துகள் சேற்றில் புதைகின்றன. அந்த மண் காய்ந்ததும் ஓடு போல் இறுகும். அடுத்த மழைத் தண்ணீர் அதில் இறங்காது.

எப்போது இறங்கலாம் என்று அறிய ஒரு பரீட்சை போதும். ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்க்க வேண்டும். கயிறு போல் திரண்டு நீண்டால் மண் இன்னும் பக்குவப்படவில்லை. உருட்டும்போது பொலபொலவென்று உதிர்ந்தால் ஆள் இறங்கலாம். மாட்டை விட அதற்கும் மேல் சில நாள் பொறுக்க வேண்டும். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் தோட்டத்தில் மாட்டை எக்காலத்திலும் மேய விடாமல் அறுத்துப் போடுவதே உத்தமம். டிராக்டர், பவர் டில்லர் ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

அறுப்பதில் கவனம்

மாட்டுக்குத் தீவனம் இல்லை என்று மழை விட்ட அன்றே புல்லை அடியோடு அறுத்துவிடுவார்கள். வேருக்குக் காற்று இல்லாத நேரத்தில் புல்லுக்குத் துணையாக இருப்பது தண்டும் இலையும்தான். அடிக்கட்டை தண்ணீருக்குள் இருக்கும்படி அறுத்தால் வெட்டுவாய் வழியாகத் தண்ணீர் புகுந்து தூர் அழுகும். அவசியம் அறுக்கத்தான் வேண்டும் என்றால் நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் விட்டு அறுக்க வேண்டும். வரப்பு ஓரத்துப் புல்லை முதலில் அறுத்துக்கொண்டு, நடுவில் உள்ளதை வடிந்த பிறகு அறுக்கலாம்.

வெள்ளம் வந்து வண்டல் படிந்த இலைகளை மாடு விரும்பித் தின்னாது, தின்றாலும் கழியும். ஒரு நல்ல தூறல் மழையில் அந்த மண் கழுவப்படும். இல்லாவிட்டால் அறுத்த புல்லை அலசிப் போட வேண்டும்.

ஒரு தூரைத் தோண்டி வேரைப் பார்ப்பது நல்லது. வேர் வெண்மையாக இருந்தால் புல் பிழைக்கும். பழுப்பாகி, விரலால் உருவினால் தோல் கழன்று நார் மட்டும் மிஞ்சினால் அந்த வேர் செத்துவிட்டது. ஆனாலும் தூரின் மேற்பகுதியில் புது வெள்ளை வேர் கிளம்பியிருந்தால் அவசரப்பட்டு அழிக்க வேண்டாம்.

காற்றும் உரமும்

மண் உதிரும் பக்குவம் வந்த பிறகு, வரிசைகளுக்கு இடையே கடப்பாரையால் அடிக்கு ஒரு துளை வீதம் ஒரு சாண் ஆழத்துக்குக் குத்தி, மணலோ நன்கு மட்கிய எருவோ போட்டு விடலாம். முழுவதும் செய்ய முடியாதவர்கள் மண் இறுகிய திட்டுகளில் மட்டும் செய்தால்கூடப் பலன் உண்டு. சேறாக இருக்கும்போது குத்தினால் துளையின் சுவர் மெழுகியது போலாகிக் காற்றும் தண்ணீரும் புகாது. ஆகவே பொறுத்துச் செய்ய வேண்டும்.

உரம் இடுவது அதற்குப் பிறகுதான். நீர் நிற்கும்போது இட்ட யூரியா புல்லுக்குப் போய்ச் சேராது. காசு காற்றில் போகும். வடிந்து நான்கைந்து நாள் கழித்து, புது வேர் கண்ட பின், வழக்கமாக இடும் யூரியாவில் பாதியை மட்டும் கொஞ்சம் பொட்டாஷ் கலந்து இட வேண்டும். மீதிப் பாதியை அடுத்த அறுவடைக்குப் பின் இடலாம்.

அதிகம் இட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு. வானம் மூடிக் கிடக்கும் நாள்களில் புல் உறிஞ்சிய நைட்ரேட் சத்து புரதமாக மாறாமல் தண்டிலேயே தங்கிவிடும். அந்தப் புல்லைத் தின்ற மாட்டுக்கு மூச்சுத் திணறல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உரமிட்ட பிறகு மூன்று நான்கு வாரம் விட்டு அறுப்பதே பாதுகாப்பு.

ஜிப்சம் போட்டால் தண்ணீர் இறங்கும் என்று சிலர் சொல்வார்கள். களர் நிலத்துக்கு அது மருந்து. எல்லா நிலத்துக்கும் அல்ல. மண் பரிசோதனை செய்து பார்த்த பிறகே அதற்குச் செலவு செய்ய வேண்டும்.

மாட்டுக்குச் செய்ய வேண்டியது

மழைக்காலப் புல்லில் நீர்ச்சத்து அதிகம். ஈரத்தோடு வயிறு முட்டப் போட்டால் கழிச்சலும் வயிற்று உப்புசமும் வரும். அறுத்த புல்லைக் கொட்டகை ஓரத்தில் சில மணி நேரம் பரப்பி வாட்டி, உலர்ந்த வைக்கோலுடன் கலந்து போட வேண்டும். பூசணம் பிடித்த வைக்கோலை எவ்வளவு பஞ்சம் இருந்தாலும் போடக் கூடாது. பூசண நஞ்சு ஈரலைக் கெடுக்கும், பாலிலும் இறங்கும்.

தண்ணீர் தேங்கிய இடத்தில் நத்தைகள் பெருகும். ஈரல் தட்டைப்புழுவின் குஞ்சுகள் நத்தையின் உடலில் வளர்ந்து வெளிவந்து, நீர்மட்டத்தை ஒட்டிய புல் தண்டில் ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் புல்லைத் தின்னும் மாடு சில மாதங்களில் மெலிந்து, தாடையின் கீழ் வீக்கம் கண்டு, பால் வற்றி நிற்கும். ஒரு சாண் விட்டு அறுப்பதில் இந்த நன்மையும் அடங்கியிருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் கால்நடை மருத்துவரைக் கேட்டுக் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். தொண்டை அடைப்பான் தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். சேற்றிலேயே நின்ற மாட்டின் குளம்பு ஊறி அழுகாமல் இருக்க, கொட்டகையில் உலர்ந்த மேடான இடம் ஒன்றாவது இருக்க வேண்டும்.

சோளத் தீவனம் போட்டவர்கள், மழையில் அடிபட்டுக் குட்டையாக நிற்கும் இளம் பயிரையும் புதிதாகத் துளிர்த்த தளிரையும் மாட்டுக்குப் போடக் கூடாது. அதில் கொல்லும் நஞ்சு இருக்கலாம். பூத்த பின் அறுப்பதே நல்லது.

எந்த நிலத்தில் எந்தப் புல்?

ஆண்டுதோறும் தண்ணீர் நிற்கும் தாழ்ந்த மூலையில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை நட்டுவிட்டு ஆண்டுதோறும் வருந்துவதில் பயனில்லை. அந்த மூலைக்கு ஏற்றது எருமைப்புல். நீர்ப்புல் என்றும் இதைச் சொல்வார்கள். வாய்க்கால் ஓரத்திலும் சேற்றிலும் இது படர்ந்து வளரும். ஆனால் பக்கத்து நெல் வயலுக்குள் படராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கம்பு நேப்பியரையும் கினியாப்புல்லையும் வடிகால் உள்ள நடுத்தர நிலத்தில் பார் பிடித்து, பாரின் பக்கவாட்டில் நட வேண்டும். குதிரைமசாலுக்குத் தண்ணீர் தேங்குவது சிறிதும் ஆகாது. கொழுக்கட்டைப்புல் மேட்டு நிலத்துக்கும் மானாவாரிக்கும் உரியது. வரப்பில் அகத்தி நட்டு வைத்தால், புல் அறுக்க முடியாத அந்த ஒரு வாரத்துக்குத் தழை ஒடித்துப் போட்டுச் சமாளிக்கலாம். இது சிறு விவசாயிக்குப் பெரிய ஆதரவு.

இன்னொரு முன்னேற்பாடும் தேவை. வீட்டின் அருகே மேடான இடத்தில் பத்தடிக்குப் பத்தடி பாத்தியில் நல்ல புல்லின் கரணைகளை நட்டு வைத்தால் அதுவே விதைப் பண்ணை. தாழ்ந்த இடத்தில் அழுகிய தூர்களுக்குப் பதிலாக, தை மாதம் மண் பக்குவப்பட்டதும் இங்கிருந்து இரு கணு உள்ள கரணைகளை வெட்டிப் போக்கு நடலாம். கரணைக்குக் கடன் கேட்டு அலைய வேண்டியதில்லை.

கோடையில் செய்ய வேண்டிய வேலை

மழையில் நட்டுவைத்த குச்சிகள் இப்போது பயன்படும். குச்சி நின்ற பள்ளங்களில் மண் அடித்து மேடாக்க வேண்டும். பார்களை உயர்த்தி அணைக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது இறுகிய திட்டுகளைக் கொத்திப் புரட்டி, தொழு உரம் இட வேண்டும். மட்கிய எரு சேரச் சேரக் களிமண்ணும் கட்டி கட்டியாக உடைந்து தண்ணீர் இறங்க வழிவிடும். வடிகாலைப் புரட்டாசிக்குள் ஒருமுறை தூர் வாரிவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதத்திலேயே பெய்துவிடுகிறது. அந்த மழையை நிறுத்த யாராலும் முடியாது. ஆனால் அது புல் தோட்டத்தில் எத்தனை நாள் தங்குகிறது என்பது பெரும்பாலும் விவசாயியின் மண்வெட்டியில் இருக்கிறது. மழை விட்ட காலையில் தோட்டத்தின் படலைக் கட்டிவைத்து, வடிகால் முனையைத் திறந்துவிட்டு, ஒரு வாரம் பொறுத்தால் போதும். தை மாதத்தில் மாட்டுக்குப் பசும்புல்லும் வீட்டுக்குப் பால் பணமும் தவறாமல் கிடைக்கும்.